கடலூருக்கு எந்த ரேடார் சரி: எஸ், எக்ஸ், சி?

மழைக்காலம் வந்தால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் "நமக்கென்று ஒரு ரேடார்" என்ற பேச்சும் வரும். எதைப் பார்க்க ரேடார் என்று முடிவு செய்யாமல் வகையைத் தேர்ந்தெடுக்க முடியாது. எஸ், சி, எக்ஸ் என்பவை ரேடார் அனுப்பும் அலையின் நீளத்தைக் குறிக்கும் பிரிவுகள் (பேண்ட்); எஸ் நீளமானது, எக்ஸ் குட்டை, சி நடுவில்.

இப்போது இந்தக் கரையைக் கவனிப்பவை காரைக்கால், சென்னை எஸ்-பேண்ட் டாப்ளர் (மழையோடு காற்றின் வேகத்தையும் அளக்கும்) ரேடார்கள். அலைநீளம் 10 செ.மீ.; அடைமழையை ஊடுருவினாலும் அலை அதிகம் வலுவிழக்காது. புயலைத் தொலைவிலேயே பிடிக்க இதுதான் கெட்டி. சிக்கல் பூமியின் வளைவில் இருக்கிறது. கிடைமட்டத்தில் இருந்து 0.5 பாகை ஏற்றத்தில் சுற்றும்போது, சுமார் 92 கி.மீ. தள்ளியிருக்கும் காரைக்கால் ரேடாரின் கதிர் கடலூருக்கு மேல் 1.3 கி.மீ. உயரத்தில் போகும். சென்னையில் இருந்து 158 கி.மீ.; கதிர் கிட்டத்தட்ட 2.8 கி.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழையின் தாழ்ந்த மேகங்கள் அதற்குக் கீழேயே கொட்டித் தீர்த்துவிடலாம்.

எக்ஸ்-பேண்ட் இந்த இடைவெளியை அடைக்கும். ஒரு பாகை அகலக் கதிருக்கு எஸ்-பேண்ட் 8.5 மீட்டர் ஆன்டெனா கேட்கும்; இதற்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் போதும், மொட்டை மாடியே தாங்கும். ஆனால் அலை 3 செ.மீ. தான். அருகில் கனமழை பெய்தால் அதற்குப் பின்னால் உள்ள மழை படத்தில் மெலிந்துபோகும், சில நேரம் மறைந்தே போகும். ஆன்டெனாவை மூடியிருக்கும் கூண்டின் மேல் தண்ணீர் வழிந்தாலும் இழப்புதான். டூயல் போலரைசேஷன் (அலையைக் கிடையாகவும் செங்குத்தாகவும் அனுப்பும் வசதி) இருந்தால் ஓரளவு திருத்தலாம். இல்லாத கருவியை வாங்கவே கூடாது. காற்றளவிலும் தொல்லை உண்டு: ரேடார் நொடிக்கு 1000 அலைத் துடிப்பு அனுப்பினால் எஸ்-பேண்ட் நொடிக்கு 25 மீட்டர் வரை குழப்பமின்றிக் காட்டும், எக்ஸ்-பேண்ட் சுமார் 8 மீட்டர்தான். 'தானே' மாதிரிப் புயலில் நொடிக்கு 33 மீட்டர் வேகம் அந்த எல்லையைத் தாண்டிப் பலமுறை மடிந்து தவறான சிறு எண்ணாகும், காற்றின் திசையே தலைகீழாகத் தெரியலாம். இரண்டு துடிப்பு வீதங்களை மாற்றி மாற்றி அனுப்பிப் பிரிக்கலாம். புயல் மையத்தருகே அதுவும் தடுமாறும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், கடலூரை மூழ்கடிக்கும் தண்ணீர் பல நேரம் கடலூரில் பெய்வதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய பின், ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையில் இருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, கடலூரருகே கடலில் சேரும் தென்பெண்ணை கரைபுரண்டது. ஊத்தங்கரை, காரைக்காலுக்கும் சென்னைக்கும் 200 கி.மீ. தாண்டியது; கதிர் அங்கே 4 கி.மீ. உயரத்தில். கடலூரில் எக்ஸ்-பேண்ட் வைத்தாலும் 145 கி.மீ.; அதன் எல்லை சுமார் 100.

அதனால் எங்கள் ஓட்டு விழுப்புரம் பக்கம் ஒரு சி-பேண்டுக்கு. அலை 5 செ.மீ.; ஊத்தங்கரை 110 கி.மீ., கடலூரும் புதுச்சேரியும் 40-க்குள். புயல் வேலை காரைக்காலிடமே இருக்கட்டும். இடம் பார்க்கும்போது இரண்டைச் சோதிக்க வேண்டும்: கல்வராயன், ஜவ்வாது மலைகள் தாழ்ந்த கதிரை எந்தத் திசையில் மறைக்கின்றன, 5.6 கிகாஹெர்ட்ஸ் ஒட்டி இயங்கும் வைஃபை கோபுரங்கள் எத்தனை. பின்னது படத்தில் மையத்தில் இருந்து ஈட்டி போல நீளும் பொய்க் கோடுகளாக விழும்.