பிட்காயின் கோர்: ஒன்பது வருடம் நோட் ஓட்டியவனின் கணக்கு

2016-ல் ஒரு பழைய மேசைக் கணினியில் பிட்காயின் கோரை, அதாவது பிட்காயின் பரிவர்த்தனைகளை விதிப்படி சரிபார்க்கும் மென்பொருளை, நிறுவினேன். அதை ஓட்டும் கணினிக்கு நோட் என்று பெயர். எனக்கு வரும் காசு சரியானதுதானா என்று என் கணினியே பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம்தான் காரணம். மென்பொருளைப் பற்றிப் பெரிய குறை இல்லை. முதல் முறை முழுச் சங்கிலியையும், அதாவது இதுவரை நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளின் பதிவையும், இறக்கப் பொறுமை வேண்டும். இன்று 600 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாதவர்கள் ப்ரூனிங் (பழைய பதிவுகளை அழித்து இடம் மிச்சம் பிடிப்பது) போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

என்னை அலைக்கழித்தது அதை எழுதுகிறவர்களின் சண்டைதான். கோர் தானாக அப்டேட் ஆகாது. விதியை மாற்றும் அதிகாரம் டெவலப்பர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே யார் யாரோடு முட்டிக்கொண்டாலும், "நீ எந்தப் பதிப்பை ஓட்டப்போகிறாய்?" என்று பஞ்சாயத்து என் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

நான் வந்த நேரம் அப்படி. பிளாக்கின் (சங்கிலியில் சேரும் பரிவர்த்தனைக் கட்டு) அளவு 1 எம்பியில் இருக்கட்டுமா, கூட்டலாமா என்ற சண்டை உச்சத்தில் இருந்தது. அந்த ஜனவரியில்தான் டெவலப்பர் மைக் ஹெர்ன் பிட்காயின் தோற்றுவிட்டது என்று எழுதிவிட்டு, கையிலிருந்ததை விற்றுவிட்டுப் போயிருந்தார். மே மாதம் கோரின் முன்னாள் தலைமை டெவலப்பர் கேவின் ஆண்ட்ரெசன், கிரெய்க் ரைட் என்பவர்தான் பிட்காயினை உருவாக்கிய சடோஷி என்று நம்புவதாகச் சொன்னார். கேவினின் கணக்கையே யாரோ கைப்பற்றிவிட்டார்களோ என்று சந்தேகித்த சகாக்கள், கோடில் கை வைக்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சடோஷியே பொறுப்பை ஒப்படைத்த மனிதர்! அன்று எனக்கு அது கொடுமையாகப் பட்டது. (ரைட் சடோஷி இல்லை என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொல்ல 2024 ஆகிவிட்டது.) இப்போது யோசித்தால், சாவியை உடனே வாங்கி வைத்தது சரிதான், அதைச் சுற்றி எழுந்த ஏளனம்தான் தேவையில்லாதது. 2017 ஆகஸ்ட் 1-ல் பெரிய பிளாக் கேட்டவர்கள் பிட்காயின் கேஷ் என்று தனி நாணயமாகப் பிரிந்து போனார்கள், 24-ல் பிளாக்கில் கூடுதல் பரிவர்த்தனைகளுக்கு இடம் தரும் செக்விட் மாற்றம் செயலுக்கு வந்தது. அப்புறம் கொஞ்சம் அமைதி.

எனக்கு மறக்காதது 2018 செப்டம்பர். வேகத்துக்காக ஒரு சோதனையை நீக்கப் போய், ஒரே காசை ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு முறை செலவழிக்க வழிவிடும் ஓட்டை கோருக்குள் நுழைந்திருந்தது. அதாவது மைனர் (பிளாக்குகளை உருவாக்குபவர்) ஒருவர் நினைத்தால் இல்லாத பிட்காயினை உண்டாக்கலாம். கண்டுபிடித்தவர் 'ஆவெமனி' என்ற புனைபெயரில் இயங்கியவர். பிட்காயின் கேஷ் பக்கத்து ஆள். எதிர் முகாம்! ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கலாம், அதை வைத்துக் காசும் பார்த்திருக்கலாம். கமுக்கமாகத் தெரிவித்தார். கோர் ஆட்கள் 0.16.3-ஐ வெளியிட்டபோது நோடை முடக்கும் பிழை என்று மட்டும் சொன்னார்கள். போலிக் காசு விஷயத்தை ஓரிரு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். பாதி உண்மையை நம்பி அப்டேட் செய்தவன் நான். எரிச்சல்தான். ஆனால் முழுசாகச் சொல்லியிருந்தால், நான் அப்டேட் செய்வதற்குள் எவனாவது அதைப் பயன்படுத்தியிருப்பான்.

இத்தனை வருடத்தில் இவர்களின் விவாதங்களை வாசிக்கும் முறை எனக்குப் பிடிபட்டிருக்கிறது. ஒரு மாற்றத்தை எதிர்ப்பவர் 'நேக்' என்று எழுதுவார். காரணம் சொல்லாத நேக்கைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்பது அவர்களே எழுதி வைத்த விதி. எனவே குரலின் உயரத்தை விட்டுவிட்டு, நேக்கின் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

2025-ல் அந்தப் பழக்கத்துக்கும் சோதனை வந்தது. பரிவர்த்தனையோடு ஒட்டி அனுப்பும் ஓபி-ரிட்டர்ன் தரவுக்கு இருந்த 83 பைட் வரம்பை வி30 பதிப்பு 1,00,000 ஆக்கியது. விவாதத்தின் நடுவில் சிலரின் கருத்துகள் மறைக்கப்பட்டன, அதுவே தனிச் சண்டையானது. சங்கிலியில் குப்பை சேரும் என்று கோபித்துக்கொண்ட பலர் டெவலப்பர் லூக் டாஷ்ஜரின் நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்கு மாறினார்கள். நானும் ஒரு மாதம் போனேன். பெரும்பாலும் ஒரே மனிதர் பராமரிப்பது என்பதால் மனம் ஒப்பவில்லை, திரும்பிவிட்டேன்.

இப்போது வி30 ஓடுகிறது. அமைப்புக் கோப்பில் மட்டும் பழைய 83-ஐ ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறேன். பெரிய தரவை என் நோட் கடத்தாது. மைனர் அதை பிளாக்கில் சேர்த்துவிட்டால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அது தெரிந்தேதான் எழுதினேன்.