தீவுக்கேற்ற சிறு விமானம்: சிமுலேட்டரில் நான் வைத்துக்கொண்டவையும் விலக்கியவையும்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கிய புதிதில், அதனுடன் வரும் சிறு விமானங்களை வேகத்தையும் தோற்றத்தையும் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். அவையெல்லாம் ஒரு வாரத்தில் சலித்துப்போயின. வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரே நீளமுள்ள மொரிஷியஸில் வேகத்துக்கு வேலை இல்லை. இங்கே பறப்பவருக்கு வேண்டியது கீழே பார்க்கும் வசதி.

அந்த வகையில் செஸ்னா 152 இன்றும் என் முதல் தேர்வு. 110 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், இரண்டே இருக்கைகள், தலைக்கு மேலே இறக்கை. பிளேசான்ஸ் விமான நிலையத்தில் கிளம்பி கியூர்பிப் மேட்டுநிலத்தைக் கடந்து, தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்து ஏறும் முருகன் கோயில் அமைந்த கோர் தெ கார்ட் மலையை மெதுவாகச் சுற்றும்போது, 720 மீட்டர் உயர அந்த மலையின் சரிவு பக்கவாட்டு ஜன்னலில் முழுமையாகத் தெரிகிறது. ஈரக்காற்றில், எரிபொருளைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குள் பனி உறையக்கூடும் என்பதால், எஞ்சினின் விசையைக் குறைக்குமுன் அதைச் சூடேற்றும் குமிழை இழுக்க வேண்டும். இழுத்ததும் எஞ்சினின் சுழற்சி சற்றே இறங்க வேண்டும். நான் தனியே காசு கொடுத்து வாங்கிய வேறொரு சிமுலேட்டர் விமானத்தில் குமிழ் அழகாக நகர்ந்தது, சுழற்சி அசையவே இல்லை. அதற்குப் பின், எந்த விமானத்தை ஏற்றினாலும் வண்ணப்பூச்சைப் பார்க்குமுன் இந்தக் குமிழைத்தான் சோதிக்கிறேன்.

ஆனால் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,000 மீட்டருக்கும் மேல் நிற்கிறது; அதைச் சூழ்ந்த மஃபாத், சிலாவோஸ், சலாசி பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்தால் நிலம் நம் கீழே இருப்பதில்லை, மூன்று பக்கமும் சுவராக எழுந்து நிற்கிறது. அங்கே செஸ்னாவைத் திருப்பினால், தாழும் இறக்கை நாம் திரும்ப வேண்டிய திசையையே மறைத்துவிடுகிறது. இருமுறை பாறையில் மோதிய பிறகே இது எனக்குப் புரிந்தது. பிரான்சின் திஜோன் அருகே உருவான ரோபின் டிஆர்400 கேடட்டில் இந்தத் தொல்லை இல்லை. மரச்சட்டத்தால் ஆன அந்த விமானத்தின் இறக்கை கீழே இருக்கிறது, அதன் நுனிகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன, தலைக்கு மேலே முன்பக்கமாக நகரும் கண்ணாடிக் கூடு. சுவரின் விளிம்பையும் திரும்பும் திசையையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. ஏற்றத்தில் அது நிதானம்தான். ஆகவே பள்ளத்தாக்கின் வாயை அடையுமுன், கடலின் மேலேயே உயரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டீசல் எஞ்சின் கொண்ட டைமண்ட் டிஏ40 என்ஜி விமானம் எஞ்சின் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே நெம்புகோலில் முடித்துவிடுகிறது. களைத்த மாலைகளுக்கு அது போதும். நீரில் இறங்கும் ஐகான் ஏ5 விமானத்தில் மொரிஷியஸின் மாஹேபூர்க் கடற்கழியில் இறங்கியது குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது, எனக்கு இரண்டு நாள் பொழுதுபோக்கு.

ரீயூனியனுக்குக் கடல்வழி ஏறத்தாழ 230 கிலோமீட்டர்; கேடட்டில் போகும்போது தென்கிழக்குக் காற்று ஓரளவு கைகொடுக்கிறது. திரும்பும்போது அதே காற்று எதிர்த்து வீசுவதால், ரீயூனியனின் தலைநகரான சேன்-தெனியில் எரிபொருளை நிரப்பாமல் நான் கிளம்புவதில்லை.