எல்லா விளக்கும் பச்சை: நான்கு வருடம் ஒரு வான் ஆப்டிமைசருடன்

தேவகோட்டையில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மாப்ளே, பழைய வான் ஆப்டிமைசர் ஒரு ஜோடி அடிமாட்டு விலைக்கு வருது. உங்க ஆபீஸ்ல ஓடுதே, எப்படி இருக்கு? வாங்கலாமா?"

வான் (WAN) ஆப்டிமைசர் என்பது, தூரத்து அலுவலகங்களை இணைக்கும் லைனின் இரு முனையிலும் வைத்து, கோப்புப் போக்குவரத்தை வேகப்படுத்தும் பெட்டி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதுவும் அன்று காலையில்தான் எங்கள் பெட்டிக்கு விசிறி மாற்றி மறுபடி ஓடவிட்டிருந்தேன். ஒன்பது நாள் அது வேலை செய்யாமல் கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த பிறகு, சென்னையிலிருந்து விசிறி வந்து சேர இன்னும் ஐந்து நாள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதை மறைத்துக்கொண்டு எழுதவும் விரும்பவில்லை.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடுதான் அலுவலகம். நாற்பது பேர் உட்கார்ந்து சிங்கப்பூர் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு வரைபடம் போடுகிறோம். படங்கள் எல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் கோப்பு சர்வரில். இங்கிருந்து 50 எம்பிபிஎஸ் லைன், அதன்மேல் விபிஎன், அதாவது தரவை மறையாக்கம் செய்து அனுப்பும் தனிவழி. வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய ஓர் அறை, ஒரு காலத்தில் அண்டா குண்டான் அடுக்கி வைத்திருந்த இடம், இப்போது சர்வர் அறை. சுவரில் துளை போட முதலாளி சம்மதிக்க மாட்டார். எனக்கும் மனசு வராது, அந்தச் சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு அப்படி. அதனால் கேபிள்கள் ஜன்னல் கம்பி வழியாகவும் உத்தரத்தை ஒட்டியும்தான் போகின்றன.

லைன் 50 எம்பிபிஎஸ் இருந்தும் ஏன் இந்தப் பெட்டி? தூரம்தான் காரணம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ விநாடி ஆகும். போய்வர 32 மில்லி விநாடி, இது இயற்கை விதித்தது, யாரும் குறைக்க முடியாது. காரைக்குடியிலிருந்து சென்னை, நடுவில் வரும் ரூட்டர்கள், விபிஎன் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 65 வருகிறது. ஒரு வரைபடம் தன்னோடு பத்து இருபது எக்ஸ்ரெஃப் படங்களை (அதனோடு இணைத்த வேறு படக் கோப்புகள்) இழுத்துக்கொண்டு திறக்கும்போது, "இந்தக் கோப்பு இருக்கா? யார் பூட்டியிருக்கா? அடுத்த துண்டு கொடு" என்று சர்வரோடு ஆயிரம் தடவை பேசும். ஆயிரம் தடவைக்கு 65 மில்லி விநாடி என்றால் 65 விநாடி. லைனை 500 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அதே 65 விநாடிதான். லைன் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பெட்டி இரண்டு வேலை செய்கிறது. நம் கணினி கேட்கும் முன்பே சர்வரின் பதிலைத் தயாராக வைத்து இந்தப் பேச்சைக் குறைக்கிறது. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, ஒருமுறை போன பைட்டுகளை மறுமுறை அனுப்புவதில்லை. பழைய வட்டிக்கடைக் கணக்கேடு பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரே பெயர் திரும்ப வந்தால் முழுப்பெயரையும் எழுதாமல் ௸ என்று ஒரு சுழி சுழித்துவிடுவார்கள், மேற்படி. இந்தப் பெட்டி அதைத்தான் செய்கிறது. தரவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, இரு பக்கமும் ஒரே ஏட்டை வைத்துக்கொள்கிறது. தெரிந்த துண்டு வந்தால் அடையாளம் மட்டும்தான் கடல் தாண்டிப் போகும். 18 எம்பி படத்தில் ஒரு கதவை நகர்த்திச் சேமித்தால், லைனில் போவது சில நூறு கேபிதான். முதல் வாரம் அந்த எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு, நம்பாமல் சிங்கப்பூர் சர்வரில் இருந்த கோப்பையும் இங்கே உள்ளதையும் எடுத்து ஒப்பிட்டேன். ஒரு பைட் மாறவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்த படம் எட்டு விநாடியில் திறந்தது. டிராயிங் பிரிவே எழுந்துவந்து பார்த்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஏடு என்றதால் ஒன்று. வரைபடங்களை ஜிப் செய்து அனுப்பும் பழக்கம் எங்கள் பையன்களிடம் இருந்தது. லைனுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தார்கள். ஜிப் செய்தால் பைட்டுகள் உருமாறிவிடும், ஏட்டில் உள்ள எதோடும் பொருந்தாது, எல்லாமே புதிதாகப் போகும். அதை நிறுத்தினோம். எங்கள் வரைபட மென்பொருளான ஆட்டோகேடில், கோப்பில் எவ்வளவு வீண் இடம் வரை பொறுக்கலாம் என்று சொல்லும் ஐசேவ்பர்சன்ட் என்ற அமைப்பின் வழக்கமான மதிப்பு 50. ஒருவர் அதைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தார். அப்படியானால் ஒவ்வொரு முறையும் கோப்பு முழுசாகத் திருப்பி எழுதப்படும். அதையும் பழையபடி மாற்றினோம்.

சரி, இனி என் குறைக்கு வருகிறேன். குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் நான்கு வருடமாக அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பெட்டி வேலை செய்யாதபோது சொல்லாது.

வேகப்படுத்த முடியாத இணைப்பு வந்தால் அது என்ன செய்யும்? தடுக்காது, பிழை காட்டாது, அப்படியே வழிவிட்டுவிடும். பாஸ்-த்ரூ என்று பெயர். நல்ல குணம்தான், பெட்டியால் அலுவலகம் நிற்கக் கூடாது. ஆனால் அதன் பிறகு அறிக்கையில் வரும் கணக்கைப் பாருங்கள். "78 சதவீதம் தரவு மிச்சம்" என்று பச்சைப் பட்டை காட்டும். அந்தச் சதவீதம் வேகப்படுத்திய இணைப்புகளுக்கு மட்டும் போட்ட கணக்கு. வழிவிட்டவை அதில் சேராது. நூறு இணைப்பில் மூன்றை மட்டும் கவனித்து மற்ற 97-ஐ விட்டுவிட்டாலும் 78 சதவீதம்தான். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ஒரு வருடமாக அந்தப் பச்சைப் பட்டையை நம்பி முதலாளியிடம் மாதா மாதம் காட்டியிருக்கிறேன்.

அது இரண்டாவது வருடம். மாற்று வழி இருக்கட்டும் என்று இன்னொரு பிராட்பேண்ட் லைன் எடுத்தோம், தனி ரூட்டர், தனி விபிஎன். சிங்கப்பூர் பக்கத்து ஃபயர்வாலுக்கு (நெட்வொர்க்கின் வாசல் காவலாளி) புது வழி பிடித்துப்போயிற்று. இங்கிருந்து போகும் பாக்கெட் பழைய லைனில், பெட்டி வழியாகப் போகும். பதில் புது லைனில், பெட்டியைத் தொடாமல் வந்துவிடும். கேள்வி மட்டும் பார்த்துப் பதிலைப் பார்க்காத பெட்டி, "இது நமக்கு ஆகாது" என்று வழிவிட்டது. எல்லா விளக்கும் பச்சை. டிராயிங் பிரிவில் இருக்கும் தங்கச்சி ஒருத்திதான் வந்து சொன்னாள்: "அண்ணே, படம் திறக்கக் கொடுத்துட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டேன், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு." மூன்று நாள் லைன்காரர்களோடு சண்டை போட்டேன். அவர்கள் மேல் தப்பே இல்லை. கடைசியில் இணைப்புப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் பாஸ்-த்ரூ என்ற சொல் கண்ணில் பட்டது. எங்கள் பெட்டியில் இரண்டு ஜோடி போர்ட் உண்டு. இரண்டாவது லைனையும் அதன் வழியாகவே கொடுத்தேன். எந்தப் பக்கம் வந்தாலும் அது பார்க்கிற மாதிரி. தீர்ந்தது.

ஃபயர்வால் மாற்றியபோதும் இதே கதை. இரு பக்கப் பெட்டிகளும் ஒன்றையொன்று அடையாளம் காண பாக்கெட்டின் முகப்பில், டிசிபி தலைப்பு என்ற பகுதியில், ஒரு தனிக்குறி வைக்கும். புது ஃபயர்வால் தெரியாத குறியைத் துடைத்துவிட்டது. அனுமதி கொடுத்ததும் சரியானது.

அடுத்தது 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11 24எச்2. அந்தப் பதிப்பு எஸ்எம்பி இணைப்புக்கு, அதாவது கோப்பு சர்வரோடு பேசும் முறைக்கு, கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது: நடுவில் யாரும் மாற்றவில்லை என்று ஒவ்வொரு செய்தியிலும் ஒரு முத்திரை. கையொப்பம் வந்தால் நடுவில் இருக்கும் பெட்டி சர்வர் சார்பில் பேச முடியாது. ஏட்டு வேலை மட்டும் நடக்கும், பேச்சைக் குறைக்கும் வேலை நின்றுவிடும். அதாவது பாதி உயிர். இப்போது சதவீதம் உண்மையிலேயே நன்றாக இருக்கும், படம் மட்டும் மெதுவாகத் திறக்கும். கையொப்பத்தை அணைத்துவிடு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது பாதுகாப்புக்காக வைத்தது. சிங்கப்பூர் பக்கத்துப் பெட்டியை அங்குள்ள டொமைனில் (அலுவலகக் கணினிகளின் பொதுப் பதிவேடு) சேர்த்து உரிய அனுமதி வாங்கினோம். அங்கே ஒப்புதல் கிடைக்க ஆறு வாரம்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். மே மாதத்து வெயில், செம்மண் தூசி, போதாக்குறைக்குக் கூரை ஓட்டிலிருந்து உதிரும் தூள். விசிறியின் இறக்கையில் அரை விரல் தடிமனுக்குச் செந்நிறத்தில் படிந்திருந்தது. சூடு ஏறி, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகப்படுத்தும் சர்வீஸை மட்டும் நிறுத்திவிட்டது. மேலாண்மை முகவரி, "இருக்கிறாயா?" என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. முன்பக்க விளக்குகள் பச்சை. நியாயமாகச் சொன்னால் மெயில் எச்சரிக்கை உண்டு, அனுப்பவும் முயன்றிருக்கிறது. எங்கள் மெயில் சர்வர் போன வருடம் மாறியது, பெட்டியில் பழைய முகவரியை மாற்றாமல் விட்டது என் தவறு. ஆனாலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்திருந்தால் தினமும் அந்த அறையைத் தாண்டிப் போகும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒன்பதாம் நாள் இந்த முறையும் அதே தங்கச்சிதான் வந்து நின்றாள்: "அண்ணே, பழைய காலம் மாதிரி ஆயிருச்சு." அவள்தான் எங்கள் எச்சரிக்கை விளக்கு.

இப்போது பெட்டியின் அறிக்கையை நான் பார்ப்பதே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, வேகப்படுத்திய இணைப்பு எத்தனை, வழிவிட்டது எத்தனை என்று எஸ்என்எம்பி (சாதனத்திடம் அதன் நிலையைக் கேட்டு வாங்கும் முறை) மூலம் எடுத்து, விகிதம் சரிந்தால் என் கைபேசிக்குச் செய்தி வருமாறு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். தினமும் காலை எட்டரைக்கு எக்ஸ்ரெஃப் உள்ள ஒரு மாதிரிப் படத்தைத் தானாகவே திறந்து நேரம் அளக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். நீ சொன்ன பெட்டியின் விலை குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. லைசென்ஸ் பெரும்பாலும் முதலில் வாங்கியவர் பெயரோடு போய்விடும், பிறகு அது வெறும் இரும்பு. உங்கள் வேலை பாதி உலாவியில் நடக்கிறது, அது முழுக்க மறையாக்கம் செய்த போக்குவரத்து, சாவி கொடுக்காமல் இந்தப் பெட்டிக்கு அதில் ஒன்றும் புரியாது. சர்வர் சென்னையில்தானே இருக்கிறது? அப்படியானால் தூரம் குறைவு, மிச்சமாகும் நேரமும் ஒன்றுமில்லை. எங்கள் பெட்டியைக் கழற்றச் சொன்னால் நான் விட மாட்டேன், அது வேறு விஷயம், எங்களுக்கு நடுவில் கடல் இருக்கிறது.

இதற்கு மேலும் வாங்கித்தான் தீருவேன் என்றால், எம்பிபிஎஸ் கணக்கை மட்டும் பார்த்து மாடல் எடுக்காதே. ஒரு ஆள் குறைந்தது பத்து இணைப்பாவது திறப்பான். நாற்பது பேருக்கு நானூறு. பெட்டி தாங்கும் எண்ணிக்கை அதற்குக் கீழே இருந்தால் மிஞ்சும் இணைப்புகளை, நீ ஊகித்தபடிதான், சத்தமில்லாமல் வழிவிடும். விபிஎன் சாதனத்துக்கு உள்பக்கம் வை, மறையாக்கம் ஆன பிறகு வைத்துப் பயனில்லை. இரண்டு லைன் இருந்தால் இரண்டும் அதன் வழியாகவே போகட்டும். அப்புறம் எல்லாம் மாட்டி முடித்ததும், ஆள் இல்லாத நேரத்தில், ஒரு பக்கம் பிங் ஓடவிட்டு பெட்டியின் பவர் பிளக்கைப் பிடுங்கிப் பார். உள்ளே ரிலே 'டக்' என்று விழுந்து சுவிட்சையும் ஃபயர்வாலையும் நேராகச் சேர்க்க வேண்டும். எங்களுக்கு முதல் தடவை முப்பது விநாடி செத்துக் கிடந்தது. நெட்வொர்க்கில் வளையம் உண்டா என்று பார்க்கும் ஸ்பேனிங் ட்ரீ சுவிட்ச் போர்ட்டில் காத்திருந்த நேரம் அது, அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டதும் சரியானது. அதன் பிறகும் லைன் இழுத்தது. ஃபயர்வால் போர்ட்டை யாரோ 100 ஃபுல் (100 எம்பிபிஎஸ், ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசும் ஃபுல் டூப்ளெக்ஸ்) என்று கையால் பூட்டியிருந்தார்கள், சுவிட்ச் ஆட்டோவில் இருந்தது. பெட்டி நடுவில் இருந்தவரை தெரியவில்லை, நேராகச் சேர்ந்ததும் சுவிட்ச் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் வை.

பிளக்கைப் பிடுங்கும் அன்றைக்கு என்னைக் கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வருகிறேன். ஃபயர்வால் கான்ஃபிக்கை மட்டும் முன்னாலேயே அனுப்பி வை. விசிறி மாடல் எண்ணையும் பார்த்துச் சொல். எங்களுக்கு வாங்கியபோது உதிரியாக ஒன்று சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.