மண்டபத்தில் நான், தூத்துக்குடியில் கணினி: நான்கு வருட ரிமோட் டெஸ்க்டாப்

வீடு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில். கணக்கு எழுதுவது தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதி அலுவலகத்துக்கு. டேலி என்ற கணக்குச் செயலியும் பில்களும் அங்குள்ள கணினியில்தான் இருக்கின்றன. விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நான்கு வருடமாக அதை இங்கிருந்தே ஓட்டுகிறேன். அலுவலகக் கணினியில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும்; ஹோம் பதிப்புக்குள் இப்படி நுழைய முடியாது. நம் பக்கம் எது இருந்தாலும் சரி.

நெட் வேகம் போதுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வேகத்தை விடப் படுத்துவது தாமதம். ஃபைல் எதுவும் இங்கே வருவதில்லை, திரையில் மாறுவது மட்டும்தான் வருகிறது. பிங், அதாவது நாம் அனுப்புவது அங்கே போய்த் திரும்பும் நேரம், 40 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பது போலத்தான். ஹாட்ஸ்பாட்டில் சாயங்காலம் 250ஐத் தாண்டிவிடும். 4500 என்று அடிப்பேன், ஒன்றும் வராது. மறுபடி அடிப்பேன். கொஞ்சம் பொறுத்து 45004500 என்று வந்து நிற்கும்! அமைப்பில் வால்பேப்பரை நிறுத்தி, நிறத்தை 16 பிட்டுக்குக் குறைத்தால் ஓரளவு தேவலை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் ரூட்டரும் போச்சு. மறுபடி இணைக்க அதுவாக 20 தடவை முயலும். முடியாவிட்டாலும் பயமில்லை, அங்கே எதுவும் மூடப்படுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனால் பாதி அடித்த வவுச்சர் அப்படியே, கர்சர்கூட அதே கட்டத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும். வேறு செயலிக்கு மாறாமல் இருப்பதே இதற்காகத்தான்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி என் லேப்டாப் என்று நினைத்து ஷட் டவுன் கொடுத்தேன். அணைந்தது தூத்துக்குடிக் கணினி. வாட்ச்மேனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, கணக்கு ரூம்ல பொட்டிய ஆன் பண்ணணும்."

"எந்தப் பொட்டி தம்பி, மூணு கிடக்கு?"

மூன்றையும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து முழுத்திரையில் மேலே வரும் பட்டையில் கணினியின் பெயரைப் பார்க்காமல் எதையும் அணைப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் தானே எழும்படி பயாஸிலும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) மாற்றச் சொல்லிவிட்டேன்.

பிரிண்டர் விஷயத்தில் இன்னும் ஏமாறுகிறேன். வீட்டு பிரிண்டரும் பட்டியலில் தெரியும். அவசரத்தில் மேலே இருப்பதை அழுத்தினால் பில் தூத்துக்குடியில் வந்து விழும்.

அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அப்படி வைத்திருந்தவர்கள்தான் பதறினார்கள். நாங்கள் விபிஎன் என்ற மறையாக்கம் செய்த தனிப்பாதை வழியாகத்தான் போகிறோம்.

வேலையெல்லாம் அங்கே நடப்பதால் இங்கே 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பே போதுகிறது. அதைத்தான் உப்புக்காற்று தின்கிறது. லேன் கேபிளின் முனையில் பச்சை பூத்து இரண்டு முறை மாற்றியாயிற்று. மூன்று யூஎஸ்பி துளையில் ஒன்றுதான் வேலை செய்கிறது, அதில் மௌஸ் இருக்கிறது.