க்ரூகர் தேசியப் பூங்கா: சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றுகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் வழிகாட்டியும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். சாதாரண வாடகைக் காரில் உள்ளே போய், பொழுது சாயும்வரை இஷ்டப்படி சுற்றலாம். அங்கேயும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால் நம்மவர்களுக்குக் கை தடுமாறாது. ஆப்பிரிக்கக் காடு பார்க்க நினைக்கிற யாருக்கும் முதலில் இந்தப் பூங்காவைத்தான் சொல்வோம்.

ஆனால் அவசரக்காரர்களுக்கு இந்த இடம் எதையும் காட்டாது. வடக்கு தெற்காகச் சுமார் 360 கிலோமீட்டர் நீளம். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 தான் வேக வரம்பு. புதரைப் பார்த்தபடி போனால் மணிக்கு 20, 25 கிலோமீட்டர்தான் நகர முடியும். பூங்காவுக்குள் நீங்கள் தங்கும் முகாமின் வாசலை ஜூனில் மாலை 5.30க்கும் டிசம்பரில் 6.30க்கும் அடைத்துவிடுவார்கள், பிந்தினால் அபராதம் உண்டு. திரும்பும் வழியில் யானைக்கூட்டம் சாலையில் நின்றுவிட்டால் அரை மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் சேர்த்தே கிளம்புங்கள். ஐந்து நாள் இருந்தால் ஸ்குகூசா, லோயர் சாபி, சதாரா ஆகிய மூன்று முகாம்களும் போதும். வடகோடி பஃபூரி பறவைப் பித்தர்களுக்கு அருமையான இடம்தான். அதற்குத் தனிப் பயணம் வையுங்கள்.

ஸ்குகூசாவிலிருந்து லோயர் சாபிக்கு ஆற்றங்கரையோடு போகும் எச்4-1 சாலை சுமார் 45 கிலோமீட்டர். பூங்காவிலேயே அதிகம் காட்டும் சாலைகளில் ஒன்று, நெரிசலும் அதிகம். சிறுத்தை தெரிந்துவிட்டால் இருபது கார் முண்டியடிக்கும். அதனால் வாசல் திறந்ததுமே கிளம்பிவிட வேண்டும். சிறுத்தைக்காகப் பெரிய அத்தி மரங்களில் கிளை கிளையாகத் துழாவ வேண்டியதில்லை. கிளைக்குக் கீழே தொங்கும் வாலைத் தேடுங்கள். இம்பாலா மான்கள் மேய்ச்சலை நிறுத்தி, எல்லாம் ஒரே திசையில் காதை விறைத்து நின்று சீறினால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சிங்கம் பார்ப்பதற்குப் பெயர்பெற்றது சதாரா பக்கத்து எஸ்100 மண்சாலை.

பறவைகள் 500 இனங்களுக்கு மேல். ஸ்குகூசா அருகே லேக் பேனிக் ஏரிக்கரையில் மரத்தாலான மறைவிடம் இருக்கிறது, காரை விட்டிறங்கி நடந்து போகலாம். வாய்பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தெற்குப் பகுதியில் இல்லை. அல்லி இலைமேல் கால்விரல் பரப்பி நடக்கும் ஆப்பிரிக்க இலைக்கோழி, நம்மூர்க் குளங்களில் இருக்கும் அதே கருப்பு வெள்ளை மீன்கொத்தி, தண்ணீருக்கு மேல் கண்ணை மட்டும் வைத்திருக்கும் நீர்யானை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். லோயர் சாபி வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் சன்செட் அணை. வாசல் அடைக்கும் நேரம் நெருங்கும்வரை காரிலிருந்தே பார்க்கலாம். சேணமூக்கு நாரை வந்தால் கண்ணைக் கவனியுங்கள்: மஞ்சள் கண் பெண், கருங்கண் ஆண். நம் பனங்காடையின் நெருங்கிய உறவான ஊதா மார்புப் பனங்காடை கம்பி, முள்மரம் என்று எங்கும் உட்கார்ந்திருக்கும்.

பறவைக்கென்றே போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போகலாம், வலசைப் பறவைகள் வந்திருக்கும். ஆனால் புல் ஆளுயரம் வளர்ந்து விலங்குகளை மறைக்கும், மலேரியா ஆபத்தும் அப்போது அதிகம். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். விலங்குதான் முக்கியம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர்: புல் காய்ந்து, எல்லாம் தண்ணீருக்கு வந்தாக வேண்டிய காலம்.

யானை விஷயத்தில் நமக்குத் தெரிந்ததை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் கன்னத்தில் நீர் வழியும். அதை வைத்து மட்டும் மதம் என்று முடிவு கட்ட முடியாது. ஆண் யானையின் பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீரால் நனைந்திருந்தால் அது மதம்தான். ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னால் எடுங்கள். வளைவில் நிற்கும்போது பின்னால் இன்னொரு கார் ஒட்டி நிற்க இடம் கொடுத்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

முகாம் அறைகள் எளிமையானவை, சுத்தமானவை. குடிசை வகையில் குளியலறையும் சமையலறையும் பொதுவாக இருக்கும். பங்களா என்றால் குளியலறை தனி. பல அறைகளில் குளிர்பெட்டி வராந்தாவில்தான். கதவைக் கொக்கி போட்டு மூடாவிட்டால் குரங்கு காலி செய்துவிடும். சைவக்காரர்கள் முகாம் உணவகத்தை நம்ப வேண்டாம், கடையிலும் சுட்டுத் தின்னும் இறைச்சியும் விறகும்தான் முன்னால் நிற்கும். அரிசி, பருப்பு, காய்கறியை வழியில் ம்பொம்பேலா நகரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பூங்கா நடத்தும் மாலைச் சவாரி ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாம், ஏனென்றால் வாசல் அடைத்தபின் வெளியே இருக்க அதுதான் வழி. கழுதைப்புலி, பக்கிப் பறவை, மரநாய் போன்ற புள்ளி ஜெனட் எல்லாம் விளக்கொளியில்தான் தெரியும். திறந்த வண்டி, ஜூலையில் கம்பளி இல்லாமல் ஏறினால் பாதியிலேயே பல் கிட்டிக்கும். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள்.

காண்டாமிருகம் தென்பட்டால் கண்குளிரப் பாருங்கள். படம் எடுக்குமுன் கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், சாலைப் பெயரையும் எங்கும் எழுதாதீர்கள். கொம்புக்காக வேட்டையாடுகிறவர்கள் அந்தப் படங்களையும் பார்க்கிறார்கள்.