வடம் இழுக்கும் வண்டிகள்: மின்சாரமும் பெட்ரோலும் சமக்களத்தில் நிற்கின்றனவா?

2019 நவம்பரில் டெஸ்லா நிறுவனம் சைபர்டிரக் என்ற மின்சாரப் பிக்கப்பை (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள வண்டி) அறிமுகம் செய்தபோது காட்டிய காணொளி ஒன்றில், அதன் முன்மாதிரி வண்டியும் பெட்ரோலில் ஓடும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பும் பின்புறமாகக் கயிற்றால் பிணைக்கப்பட்டு எதிரெதிர்த் திசைகளில் இழுக்க, ஃபோர்டு பின்னோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. பார்த்தவர்களில் பலர் மின்மோட்டார் பெட்ரோல் எஞ்சினை வென்றுவிட்டதாகவே முடிவு செய்தனர். ஆனால் அந்தக் காணொளியில் ஃபோர்டின் பின்சக்கரங்கள் மட்டுமே தரையில் வழுக்கிச் சுழல்வதைக் கவனித்தால், தோற்றது எஞ்சின் அன்று, டயரின் பிடிப்பே என்பது விளங்கும். வலு போதாமல் தோற்ற எஞ்சின் திணறி நிற்குமே தவிர, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்காது.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். எஃப்-150 வண்டியின் 2.7 லிட்டர் டர்போ எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை (அச்சைச் சுழற்றும் விசை, டார்க்) ஏறத்தாழ 540 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 4.69, பின் அச்சின் விகிதம் 3.55 என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து அந்த விசையைப் பதினாறு மடங்குக்கும் மேலாகப் பெருக்கி, சக்கரத்தில் சுமார் 9,000 நியூட்டன் மீட்டராக்கிவிடுகின்றன. 40 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இழுவிசை. ஆனால் 2,100 கிலோ எடையுள்ள, சுமை ஏற்றாத பிக்கப்பின் பின் அச்சில் 850 கிலோ அளவே விழும். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறும் என்ற அளவு) 0.8 என்றால், கயிறு கட்டிய கொக்கியின் உயரத்தால் பின்பக்கம் சாயும் எடையைச் சேர்த்தாலும் டயர்கள் தரையைப் பற்றக்கூடிய விசை 800 கிலோவைத் தாண்டுவது கடினம். எஞ்சினின் திறனில் பாதிக்கு மேல் பயன்படாமலே போகிறது. எதிரில் நிற்பதோ நான்கு சக்கரங்களாலும் இழுக்கக்கூடிய மின்வண்டி. பின்னாளில் விற்பனைக்கு வந்த சைபர்டிரக்கின் எடை மூன்று டன் அளவில் இருப்பதால், அதே உராய்வில் அதன் பிடிப்பு 2,400 கிலோவை எட்டும்.

எடையைச் சமன் செய்ய வேண்டும் என்ற வாதம் அப்போதே எழுந்தது. வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன், பிக்கப்பின் பின்பகுதியில் பாரம் ஏற்றிப் பிடிப்பைக் கூட்டிய பிறகு இழுக்கச் செய்யுமாறு கூறினார். ஃபோர்டு தரப்பிலிருந்தும் ஒத்த வண்டிகளை மோதவிடலாம் என்று ட்விட்டரில் அறைகூவல் வந்தது. எலான் மஸ்க் ஒப்புக்கொண்டும் போட்டி நடக்கவில்லை. மனிதர்கள் வடம் இழுக்கும் பன்னாட்டுப் போட்டிகளிலேயே அணியின் மொத்த எடைக்கு ஏற்பப் பிரிவுகள் உண்டு என்பதால் டைசனின் கோரிக்கை நியாயமாகவே தோன்றும். எனினும் நான் அதைப் பாதியளவே ஏற்கிறேன். எஞ்சினையும் மோட்டாரையும் ஒப்பிடுவது நோக்கமானால் எடைச்சமன் அவசியம். வாங்குபவர் எந்த வண்டியைத் தேர்வது என்பது கேள்வியானால், மின்கலத்தின் எடை அந்த வண்டியோடு பிரியாமல் வருவது என்பதால் அதை நீக்கிப் பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் நான்கு சக்கர இயக்கத்துக்கு எதிராக இரு சக்கர இயக்கத்தை நிறுத்துவதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது, ஏனெனில் அதே எஃப்-150 நான்கு சக்கர இயக்கத்துடனும் கடையில் கிடைக்கிறது. அந்த ஒரு மாற்றமே ஃபோர்டின் பிடிப்பை 1,700 கிலோ அருகே கொண்டுசென்றிருக்கும். அப்போதும் கனமான வண்டியே வென்றிருக்கலாம், ஆனால் அது வேறு விதமான ஆட்டமாக இருந்திருக்கும்.

மின்வண்டிக்கு உண்மையான அனுகூலமும் உண்டு. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருகிறது. சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் அதைக் கட்டுப்படுத்தும் வேகமும் எஞ்சினைவிட அதற்கு அதிகம். ஆனால் கிளம்பும்போது எஞ்சினுக்குள்ள முறுக்குவிசைக் குறையை, ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே திரவத்தால் விசையைக் கடத்திப் பெருக்கும் டார்க் கன்வர்ட்டர் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கயிறு தளர்வாக இருக்கையில் முதலில் நகர்ந்தவர் பெறும் உந்தத்தையும் சேர்த்தால், சில நொடிக் காணொளியிலிருந்து எது எதனால் வென்றது என்று பிரித்தறியவே இயலாது. கயிற்றின் நடுவே விசைமானி ஒன்றைப் பொருத்தினால் பாதிக் குழப்பம் தீரும்.

இழுவைத் திறனை அறிய விரும்புபவருக்கு அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற தரமுறை இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணை அருகேயுள்ள நீண்ட ஏற்றச் சாலையை அடிப்படையாகக் கொண்ட அந்தச் சோதனையில், கடும் வெப்பத்தில் ஏ.சி.யை ஓடவிட்டபடி, பின்னால் சுமைவண்டியுடன் குறைந்தபட்ச வேகம் குன்றாமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து மீண்டும் மீண்டும் கிளம்பவும் வேண்டும். இங்கே குளிரூட்டும் அமைப்பும் கியர்பெட்டியும் சோதனைக்கு உள்ளாகின்றன. டயர் பிடிப்பு பல காரணிகளில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. சரிவில் கிளம்புவதில் மின்வண்டி அலட்டிக்கொள்ளாது. ஆனால் கனமான சுமைவண்டியை நெடுஞ்சாலையில் இழுக்கும்போது அதன் பயணதூரம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. அதிகச் சுமைக்கு அதிக பெட்ரோலை எரிக்கும் வண்டி சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். மின்வண்டியோ பல சார்ஜிங் நிலையங்களில் சுமைவண்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.