லைட்டை அணைத்தால் அலாரமும் அணைந்துவிடும்: வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் கவனத்துக்கு

குன்னூரில் எங்கள் பழைய வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மரத்தரை, மர சீலிங், ஹாலில் கணப்பு. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவந்தபோது, கரண்டில் ஓடும் புகை அலாரங்களை ஹாலிலும் இரண்டு படுக்கையறையிலும் பொருத்தச் சொல்லி, ஊரில் பல வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். முடித்ததும் ஒவ்வொன்றின் பட்டனையும் அமுக்கிக் காட்டினார். "நல்லா கத்துதுல்ல, இனி பயமே இல்லண்ணா" என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

சில மாதங்களில் படுக்கையறை அலாரங்கள் ராத்திரியில் விட்டு விட்டுக் கீச்சிட ஆரம்பித்தன. கரண்ட் போனால் ஓடுவதற்காக உள்ளே இருக்கும் பேட்டரி தீரப்போகிறது என்பதற்கான சத்தம் அது. குடியிருப்பவர் போன் செய்து கேட்டதற்கு, "கரண்டுல ஓடுறதுக்கு பேட்டரி எதுக்கு, கழட்டிடுங்க" என்றிருக்கிறார் இந்த மனிதர். அவர்களும் நம்பிக் கழற்றிவிட்டார்கள். அப்புறம் ஒரு மழை ராத்திரி, கணப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டு வீடு முழுக்கப் புகை. எந்த அலாரமும் கத்தவில்லை. குழந்தை இருமியதில் தாய் விழித்ததால் எல்லோரும் தப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்துத் திறந்து பார்த்தோம். முதலில் வேலை செய்தவர் படுக்கையறை அலாரங்களுக்கு லைட் ஸ்விட்சைத் தாண்டி வரும் ஒயரிலிருந்து லைன் கொடுத்திருக்கிறார். லைட் எரிந்தால்தான் அலாரத்துக்குக் கரண்ட். மற்ற நேரமெல்லாம் பேட்டரியில் ஓடித்தான் அது சீக்கிரம் தீர்ந்திருக்கிறது. லைட் சர்க்யூட்டில் இணைப்பது தவறில்லை. அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி. (கோளாறு வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் ஆகிவிட்டால் லைட்டும் எரியாது, உடனே தெரிந்துவிடும். ஆனால் ஸ்விட்சுக்கு முன்னால் உள்ள, எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபேஸ் ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். ஹால் அலாரத்தில் பெயின்ட், தூசி படாமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் மூடியைக்கூட எடுக்கவில்லை. மூடி இருந்தாலும் பட்டனை அமுக்கினால் கத்தும், புகைதான் உள்ளே போகாது. ஒன்று கத்தினால் மற்றவையும் கத்துவதற்கான தனி ஒயருக்குப் பில்லில் காசு வாங்கியிருக்கிறார், சீலிங்குக்கு மேலே அப்படி ஒரு ஒயரே இல்லை.

கேட்டதற்கு, "அப்பவே செக் பண்ணித்தானே வாங்குனீங்க" என்று போனை வைத்துவிட்டார். பணம் திரும்பவில்லை.

இப்போது எல்லாவற்றையும் மாற்றி இழுத்தாகிவிட்டது. காசு கொடுக்கும் முன் வீட்டு லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, அலாரத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பட்டனை அமுக்குங்கள்; மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில் பேட்டரி வேலை செய்தே ஆக வேண்டும். ஹாலில் ஒருவர் அமுக்கும்போது படுக்கையறையில் நின்று கேளுங்கள். இன்னொன்று: குளிருக்கு அறையில் கரி மூட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடைப் புகை அலாரம் கண்டுபிடிக்காது, அதற்கு அலாரம் தனி.

அவர் இன்னும் இந்தப் பக்கம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பகுதியில் சமீபத்தில் அலாரம் பொருத்தியவர்கள், யார் செய்த வேலையாக இருந்தாலும் சரி, இன்று ராத்திரியே ஒருமுறை லைட்டை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.